கருப்பு விழுந்தால் என்ன?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. சுற்றுவட்டாரத்தில் நடக்கிற செஸ் போட்டிகளுக்கெல்லாம் அழைத்துப் போகிறாராம். யாரோடு யார், யாருக்கு எந்த நிறம் என்கிற பேரிங் சீட்டைச் சுவரில் ஒட்டியவுடன் பையன் கூட்டத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டு வருவான். வெள்ளை என்றால் சிரிப்பு, கருப்பு என்றால் முகம் சுண்டிவிடும். "கருப்புல டிரா பண்ணாலே பெருசும்மா" என்கிறானாம். இது நிஜமா? கருப்புக் காயில் ஆடி ஜெயித்த நல்ல ஆட்டம் ஒன்றை, செஸ் அதிகம் தெரியாத தனக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? இதுதான் கேள்வி.

முதலில் பையன் சொல்வதில் உள்ள உண்மையைக் கொடுத்துவிடுவோம். வெள்ளைக்குக் கொஞ்சம் அனுகூலம் இருக்கத்தான் செய்கிறது. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், நூறு புள்ளியில் ஏறக்குறைய 54, 55 வெள்ளைக்குப் போகும், மிச்சம் கருப்புக்கு. முதல் நகர்த்தல் கையில் இருப்பதன் விலை அவ்வளவுதான். அதுவும் ஒரு சிப்பாயைக்கூட வீணாக விடாத ஆட்களின் கணக்கு. பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் பத்தாவது நகர்த்தலுக்குள் ஒரு குதிரை சும்மா போகும், பதினைந்தாவதில் எதிராளி அதைத் திருப்பிக் கொடுப்பான். அங்கே போய் முதல் நகர்த்தலின் அனுகூலம் பேசுவது, மொய் எழுதுகிற இடத்தில் காலணாக் கணக்குப் பார்க்கிற மாதிரி.

இன்னொன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்களை மோதவிடுகிற ஸ்விஸ் முறையில் ஒன்பது சுற்று ஆடினால் நாலோ ஐந்தோ கருப்பு வந்தே தீரும். அதையெல்லாம் டிராவுக்கு என்று ஒதுக்கி வைத்தால், பாதிப் போட்டியை உட்காரும் முன்பே தானம் செய்தாயிற்று.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருஷம் முன்னால் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. முந்தின நாள் முகூர்த்தத்தின் மாலைப் பூ இன்னும் தரையில் கிடந்தது. சாப்பாட்டு மேசைகளையே இழுத்துப் போட்டு போர்டு வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் எனக்குக் கருப்பு. அரைப் புள்ளி கிடைத்தால் பரிசு உண்டு. எதிரே உட்கார்ந்தவர் என்னைவிட நன்றாக ஆடுகிறவர். நான் என்ன செய்தேன்? கண்ணில் பட்ட காயையெல்லாம் மாற்றிக்கொண்டே போனேன். ராணிக்கு ராணி, யானைக்கு யானை. போர்டு காலியாகக் காலியாக மனசு லேசானது. கடைசியில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிச்சம். அப்போதுதான் பார்க்கிறேன், அவருடைய ராஜா நடுவில் நிற்கிறது, என்னுடையது மூலையில். டிராவுக்கு என்று நான் செய்த ஒவ்வொரு மாற்றலும் அவருக்கு வழிவிட்டதாகவே முடிந்திருந்தது. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. என்னைத் தோற்கடித்தது கருப்பு இல்லை, டிரா போதும் என்கிற நினைப்பு. பையன் சொல்கிற வாக்கியத்தில் எனக்கு உறுத்துவதும் அந்த நினைப்புதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2013 ஜனவரி, நெதர்லாந்தில் வைக் ஆன் ஸீ என்கிற கடலோர ஊர், டாடா ஸ்டீல் போட்டி. வெள்ளை லெவோன் அரோனியன், ஆர்மீனியக்காரர், அன்றைக்கு உலகத்தின் முதல் மூன்று நான்கு பேரில் ஒருவர். கருப்பு நம் ஆனந்த், அப்போது உலக சாம்பியன். மொத்தம் 23 நகர்த்தல்களில் முடிந்துபோன ஆட்டம். அந்த உயரத்தில் இருப்பவர்கள் ஆடும்போது 23-ல் ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுப்பது அபூர்வம், அதுவும் வெள்ளை கைகொடுப்பது.

ஆரம்பம் மெரான் என்கிற வகை. 1924-ல் இத்தாலியின் மெரானோ நகரத்துப் போட்டியில் போலந்து ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைன் ஆடிக் காட்டியதால் வந்த பேர். இந்த ரூபின்ஸ்டைன் திரும்ப வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதினோரு நகர்த்தல்களை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டு பேரும் காய்களை வெளியே கொண்டுவந்து, ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தாயிற்று. கட்டங்களின் பேர் இப்படி: வெள்ளை உட்காரும் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. கருப்பு நிலைமையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆனந்தின் இரண்டு பிஷப்புகளும், பி7-ல் ஒன்று, டி6-ல் ஒன்று, வெள்ளை ராஜா குடியிருக்கும் பக்கத்தைக் கோணலாகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு வாசலையே பார்க்கிற இரண்டு பெரியவர்கள் மாதிரி. எதுவும் செய்வதில்லை, ஆனால் அந்த வீட்டுக்காரர் நிம்மதியாகக் கதவு திறக்க முடியாது.

12-வது நகர்த்தலில் அரோனியன் குதிரையை ஜி5-க்குத் தாவவிடுகிறார். ஹெச்7 சிப்பாய்க்குக் குறி. கருப்பில் ஆடுகிற நம் பிள்ளைகள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுவார்கள். ஆனந்த் அதைப் பார்க்காத மாதிரி சி சிப்பாயைத் தள்ளி நடுப்பகுதியைத் தட்டுகிறார். குதிரை ஹெச்7-ஐத் தின்கிறது. இப்போது அது எஃப்8 யானையையும் எஃப்6 குதிரையையும் ஒரே சமயத்தில் மிரட்டுகிறது. ஆனந்த் அந்தக் குதிரையையும் அடிக்கவில்லை. தன் குதிரையை ஜி4-க்கு, வெள்ளை ராஜாவின் வாசற்படிக்கே, கொண்டுபோய் வைக்கிறார். டி6 பிஷப்பும் ஜி4 குதிரையும் சேர்ந்து ஹெச்2-ஐக் குறிவைக்கின்றன, பின்னால் ராணி ஹெச்4-க்கு வரத் தயார்.

அரோனியன் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி டி6 பிஷப்பின் பார்வையை மறைக்கிறார். ஒரு கதவை அடைத்தார், இன்னொரு கதவு திறந்துகொண்டது. எஃப்2 காலியானதால் ஜி1-ல் இருக்கும் ராஜாவுக்கு வேறு கோணத்தில் ஆபத்து. நடுவில் ஒரு சிப்பாய் மாற்றல் நடந்ததும் ஆனந்தின் பிஷப் டி6-லிருந்து சி5-க்கு நகர்ந்துவிடுகிறது. சி5, டி4, இ3, எஃப்2, ஜி1 என்று கோட்டைப் பிடித்துப் பாருங்கள். பிஷப்புக்கும் ராஜாவுக்கும் நடுவே டி4-ல் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய். அது அந்தக் கோட்டைவிட்டு விலக முடியாது. பிஷப்பை வேண்டுமானால் தின்னலாம். தின்றால் கருப்புக் குதிரை சி5-க்கு வந்து அமர, டி வரிசை திறந்து ராணி டி4-ல் செக் சொல்ல வழி கிடைக்கும். அரோனியன் தின்னவில்லை, தன் பிஷப்பை இ2-க்குப் பின்வாங்கினார்.

இப்போது 16-வது நகர்த்தல். ஆனந்த் இரண்டாவது குதிரையை டி7-லிருந்து தூக்கி இ5-ல் வைக்கிறார். பார்க்கிறவர் யாராக இருந்தாலும், "ஐயோ, அங்க சிப்பாய் இருக்கே" என்றுதான் சொல்வார். இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் இ5-ஐப் பார்க்கின்றன. ஆனால் டி4 சிப்பாய் நகர்ந்தால் சொந்த ராஜாவே செக்கில் மாட்டும், விதிப்படி அது முடியாது. மிச்சம் எஃப்4 சிப்பாய். அது தின்றால் என்ன ஆகும் என்பதைப் போர்டு எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்: கருப்பு ராணி டி4-ஐத் தின்று செக். ராஜா மூலைக்கு, ஹெச்1-க்கு ஓடுகிறது. ராணி நேரே ஜி1-ல் போய் உட்கார்ந்து மறுபடியும் செக்! பின்னால் சி5 பிஷப்பின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது. யானைதான் தின்றாக வேண்டும். தின்றதும் ஜி4 குதிரை எஃப்2-க்குத் தாவும். செக்மேட். சொந்த யானை, சொந்தச் சிப்பாய்கள் சுற்றி நின்று மூச்சு முட்ட, ராஜா நகர ஒரு கட்டமும் இல்லை. ராணியை இழந்து ஒற்றைக் குதிரையால் முடிக்கிற வேலை.

அரோனியனும் இதைப் பார்த்துவிட்டார். அதனால் அந்தக் குதிரையை விட்டுவிட்டு ஜி4 குதிரையைப் பிஷப்பால் தின்றார். சி5 பிஷப் டி4 சிப்பாயை எடுத்துச் செக். ராஜா மூலைக்குப் போனது. இ5-ல் இருந்த குதிரை ஜி4-க்கு வந்து தின்றது. ஆக, முதல் குதிரை விழுந்த அதே கட்டத்தில் இரண்டாவது குதிரை. வெள்ளைக் குதிரை ஒருவழியாக எஃப்8 யானையைச் சாப்பிட்டது. இந்த இடத்திலும் ஆனந்த் அதைத் திருப்பி அடிக்கவில்லை. அமைதியாக எஃப் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார். சி2-ல் நிற்கும் வெள்ளை ராணி ஹெச்7-க்கு வரக்கூடிய ஒரே பாதை அதோடு அடைபட்டது. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த நகர்த்தல் இதுதான். இ5 குதிரைக்கு ஊரே கைதட்டும், சரிதான். யானை போன பிறகும் பதறாமல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற இந்தச் சிப்பாய்க்கு அதைவிடக் கூடுதல் நெஞ்சுரம் வேண்டும்.

வெள்ளைக் குதிரை ஜி6-க்குத் தப்பி வந்தது, கருப்பு ராணி எஃப்6-லிருந்து அதைத் துரத்தியது. அரோனியன் ஹெச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜி4 குதிரையை விரட்டப் பார்த்தார். ராணி ஜி6 குதிரையை எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ஹெச் சிப்பாய் ஜி4 குதிரையைத் தின்னலாமே? தின்றால் ஹெச் வரிசை திறக்கும், ராணி ஹெச்6-க்கு வரும், அங்கேயே செக்மேட்.   

கடைசி இரண்டு நகர்த்தல். வெள்ளை ராணி இ2-க்கு, கருப்பு ராணி ஹெச்5-க்கு. அடுத்து ஹெச்3-ஐத் தின்றால் மேட். ஜி2 சிப்பாய் திருப்பித் தின்ன முடியாது, ஏனென்றால் பி7-ல் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார். அரோனியன் ராணியை டி3-க்குக் கொண்டுவந்து மூன்றாவது வரிசை வழியாக ஹெச்3-க்குக் காவல் போட்டார். ஆனந்த் பிஷப்பை டி4-லிருந்து இ3-க்கு, அந்த வரிசையின் குறுக்கே வைத்தார். காவல் அறுந்தது. ராணி அதைத் தின்றால் குதிரை ராணியை எடுக்கும். சி1 பிஷப் தின்றால் ஹெச்3-ல் செக், அடுத்து ஜி2-ல் மேட். அரோனியன் கைகொடுத்துவிட்டார்.

கைகொடுத்த நேரத்தில் காய்க் கணக்கு பார்த்தால் வெள்ளைதான் மேலே: கருப்பின் ஒரு பிஷப்புக்கு எதிராக வெள்ளையிடம் ஒரு யானை கூடுதல். ஆனால் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் ஆட்டம் முழுக்க ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தின்பதற்கென்று சுற்றிய ஒரு குதிரை மட்டும் ஐந்து நகர்த்தல் எடுத்துக்கொண்டது. முதல் நகர்த்தலின் அனுகூலம் என்று பேசினோமே, அது போன இடம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது போர்டில் உட்கார்ந்து திடீரென்று உதித்த வித்தை மட்டும் இல்லை. இந்த நகர்த்தல்களின் தொடரை ஆனந்தும் அவருடைய ஆட்களும் வீட்டில் முன்பே குடைந்து வைத்திருந்தார்கள். கருப்புக்குக் கிடைக்கிற ஒரு வசதி இது. எதிராளி எந்தக் கேள்வி கேட்பார் என்று ஓரளவு தெரியும், பதிலை வீட்டிலேயே தயார் செய்யலாம். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் ரஷ்யாவின் கிராம்னிக்குடன் ஆடிய உலக சாம்பியன் போட்டியிலும் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை ஆனந்த் ஜெயித்தது கருப்பில்தான், இதே மெரான் குடும்பத்து ஆட்டத்தில்தான்.

ரூபின்ஸ்டைன் திரும்ப வருவார் என்றேன். 1907-ல் போலந்தின் லோட்ஸ் நகரத்தில் ரோட்லெவிக்கு எதிராக அவர் கருப்பில் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. அதிலும் இரண்டு பிஷப்புகள் வெள்ளை ராஜாவைப் பார்த்தபடி நிற்கும், குதிரை ஜி4-க்கு வரும், பிறகு ராணியைச் சிப்பாயின் வாயிலேயே விட்டுவிட்டு யானையால் அடி மேல் அடி விழும். 25-வது நகர்த்தலில் யானை ஹெச்3-க்கு வந்ததும் முடிந்தது. ஆனந்தின் ஆட்டத்தைப் பார்த்த எல்லோருக்கும் உடனே ஞாபகம் வந்தது இந்த ஆட்டம்தான். நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி, இரண்டிலும் ஜெயித்தது கருப்பு.

எல்லாக் கருப்பு வெற்றியும் இப்படி மத்தாப்பு கொளுத்தியா வரும்? வராது. 2010-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவுடன் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம், பன்னிரண்டாவது, இருவரும் சமமாக நிற்கிறார்கள், ஆனந்த் கருப்பு. லாஸ்கர் முறை என்கிற பழைய, கட்டுமஸ்தான தற்காப்பில் போய் உட்கார்ந்தார். டிரா ஆனால் வேகச் செஸ்ஸில் முடிவாகும், அதை விரும்பாத டோபலோவ் அவசரப்பட்டார். 32-வது நகர்த்தலில் ஒரு சிப்பாயைத் தின்று தன் ராஜாவை வெட்டவெளியில் விட்டார். பட்டம் ஆனந்திடமே தங்கியது. 2024 டிசம்பர், சிங்கப்பூரில் குகேஷ் விஷயம் இதற்கு நேர்மாறு. உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், குகேஷ் கருப்பு, வெள்ளையில் அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் டிராவைத் தேடிக் காயை மாற்றிக்கொண்டே போனார், கல்யாண மண்டபத்தில் நான் செய்த அதே காரியம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிரா என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுந்துபோகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார், தப்பான கட்டம். யானைகள் மாறின, பிஷப்புகள் மாறின, வெறும் சிப்பாய் ஆட்டத்தில் கருப்பு ஜெயித்தது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

எங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணைக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. பிள்ளைகள் எல்லோரும் புலிக்குத்தான் சண்டை போடுவோம், தாவித் தாவித் தின்னலாம் என்று. அப்பத்தா எப்போதும் ஆட்டை எடுத்துக்கொள்வார்கள். "நீ தின்னுட்டே இரு, நான் அடைச்சுட்டே வர்றேன்" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று புலியும் திரும்ப இடமில்லாமல் நிற்கும். செஸ்ஸில் இரண்டு பக்கமும் ஒரே காய்கள் என்பதால் நமக்கு மறந்துபோகிறது: வெள்ளைக்கும் கருப்புக்கும் வேலை வேறு. வெள்ளை கேள்வி கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அனுகூலம் கரைந்துவிடும். கருப்பு முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் காய்களை நல்ல கட்டத்தில் நிறுத்த வேண்டும், எதிராளி ஆசைப்பட்டு எதையாவது எட்டிப் பறிக்கிற நேரத்தைப் பார்க்க வேண்டும். நம்மூர்ப் பந்தியில் வெள்ளைப் பணியாரத்தை இரண்டாம் தரம் கேட்கிற ஆளே கருப்புக் கவுனி அரிசி வரும்போதும் இலையைத் தள்ளி இடம் பண்ணுகிறார். இரண்டின் ருசியும் வேறு, அவ்வளவுதான்.

பையனுக்கு நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், கருப்புக்கு என்று இரண்டே இரண்டு ஆரம்பம் போதும்: எதிராளி ராஜா முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளினால் ஒன்று, ராணி முன்னால் உள்ளதைத் தள்ளினால் ஒன்று. வாரத்துக்கு ஒரு புது ஆரம்பம் என்று மாற்றிக்கொண்டிருப்பது வீண். வீட்டில் ஆடும்போது பத்து ஆட்டத்தில் ஏழு கருப்பில் ஆடட்டும். பயிற்சியாளர் இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்; பல பேர் வெள்ளைக்கே வகுப்பு எடுத்து நேரத்தை முடித்துவிடுகிறார்கள். டிரா கேட்பதை மட்டும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கச் சொல்லலாம். தோற்றால் தோற்கட்டும். காரைக்குடிப் பிள்ளைதானே பிரணேஷ்? 2023 ஜனவரியில், பதினாறு வயதில், ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை ஜெயித்து இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அங்கேயும் பேரிங் சீட்டில் பாதிச் சுற்று கருப்பாகத்தான் வந்திருக்கும்.

அப்புறம், இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். போர்டில் இப்படி வையுங்கள். வெள்ளை: ராஜா ஹெச்1, ராணி டி3, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப் சி1, குதிரை சி3, சிப்பாய்கள் ஏ3, பி2, எஃப்4, ஜி2, ஹெச்3. கருப்பு: ராஜா ஜி8, ராணி ஹெச்5, யானை சி8, பிஷப்புகள் பி7, டி4, குதிரை ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்5, ஜி7. நகர்த்த வேண்டியது கருப்பு. விடை உங்களுக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் உட்காரட்டும் என்று அவன் கேட்பான். அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.